மைனஸ் ஒன்பதரை

கண்ணாடி இல்லாவிட்டால் என் உலகம்
அரைச் சாண்.
அந்த அரைச் சாணுக்குள்
எறும்பின் இடுப்பும் எனக்குத் தெரியும்.

ஒலுமடுவுக்கு அப்பால்
ஒரு மீற்றர் அகலப் பாதையில்
பதினொரு வருசம் முழந்தாளில்.
முகக்கவசத்துக்குள் கண்ணாடி.
அது ஏழரைக்கு வெட்டினது;
மற்ற இரண்டையும் ஊகித்தே கழித்தேன்.
பத்து மணி வெயிலில் உள்ளே புகார் பிடிக்கும்.
வாரியை வைத்துவிட்டு எழும்பி,
வந்த வழியே நடந்து,
கவசம் கழற்றித் துடைத்துத்
திரும்பி வந்து குந்த ஆறு நிமிடம்.
மேற்பார்வையாளர் சிவகடாட்சம்
கொப்பியில் எழுதி வைத்திருந்தார்:
நாளுக்கு ஒன்பது தரம்.

சீட்டை இரண்டாம் மாதமே
கழிவு கூறி எடுத்தேன்.
போதாததுக்கு ஒரு சோடிக் காப்பு.
"அந்தக் காசுக்குக் கூரைக்குச் சீற் போடலாமே"
என்றாள் மச்சாள்.
போடலாம்தான்.

கொழும்பில் ஒரு குளிரறை.
"பச்சைப் புள்ளியைப் பாருங்கோ, அசையாதேங்கோ"
என்றாள் தமிழ் தெரிந்த தாதி.
அசையாமல் இருக்கத்தானே பிள்ளை
எனக்குச் சம்பளம்.
கருவிழியின் மேல்தோலை
மூடிபோலத் திறந்தார்கள்.
மயிர் கருகும் மணம்.
ஒரு கண்ணுக்கு இருபத்தொரு செக்கன்.
டொக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.
"இப்பிடி ஆடாத கண்ணைத் தான் கண்டதில்லையாம்."
என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஒரு மாதம் புழுதி ஆகாதாம்.
வன்னியில் புழுதி இல்லாத இடம்
குளத்தின் நடு.
கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்குள் கிடந்தேன்,
மணிக்கொரு சொட்டு.
மகன் மதுரகன் படலையில் நின்று
விரல் காட்டுவான்: இது எத்தினை?
மூன்று.
அதில் ஒன்றின் நகத்தைக் கடித்திருக்கிறாய்.

முப்பத்திரண்டாம் நாள்
வாகனத்தால் இறங்கி நிமிர்ந்தேன்.
சிவப்புத் தலைக் கட்டைகள்.
ஒரு வரிசை, அதன் பின்னால் இன்னொன்று,
பாலை மரங்களுக்கிடையால் நுழைந்து
சின்னதாகிச் சின்னதாகிக்
காட்டுக்குள் போயின.
இவ்வளவு நாளும் அந்தப் பக்கம்
வெறும் சிவப்புக் கலங்கல் என்றிருந்தேன்.
எண்பத்தேழு வரை எண்ணினேன்.
பிறகு விசில் ஊதிவிட்டார்கள்.

முழந்தாளிட்டேன்.
மூக்கில் இல்லாத கண்ணாடியை
ஏற்றிவிடப் போன விரல்
கவசத்தில் டொக் என்று முட்டியது.
மண். வேர். மண்.
எறும்புகள் இடுப்பில்லாமல் ஊர்ந்தன.
டொக்டர் சொன்னவர்தான்:
நாற்பத்தொரு வயதில்
தூரம் வந்தால் கிட்ட போகும்.

கிளிநொச்சிச் சந்தையில்
நானூறு ரூபாய்க்கு ஒரு வாசிப்புக் கண்ணாடி.
அடுத்த நாள்
அதைப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.
இடுப்பு திரும்பி வந்தது.
பத்து மணிக்குப் புகாரும் வந்தது.
வாரியை வைத்துவிட்டு எழும்பினேன்.
சிவகடாட்சம் கொப்பியில்
புதுப் பக்கம் திருப்புவது
அங்கிருந்தே தெரிந்தது.

துடைக்கக் கழற்றியபோது
காட்டுப் பக்கம் பார்த்தேன்.
எண்பத்தெட்டு.