பிரிவு பதினான்கு

தகரக் கூரையில் மழை விழுந்தால்
தன்னாட்சி நின்றுவிடும்.
பேசுகிறவரின் வாய் மட்டும் அசையும்.
பூகன்வில் சட்டமன்றத்தில்
அவைக்குறிப்பு எழுதுகிற எனக்கு
மழைதான் தேநீர் இடைவேளை.

காவல்துறை மசோதாவுக்கு இன்று மூன்றாம் நாள்.
முதல் நாள் முழுக்கச் சம்பளம்.
மோர்ஸ்பிக்காரர்கள் பணம் தருவார்கள்,
கட்டளை நாம் தருவோம் என்றார் நிதியமைச்சர்.
சோறு ஒரு வீட்டில், காவல் இன்னொரு வீட்டிலா,
எந்த நாய் அப்படி இருந்திருக்கிறது
என்றது பின்வரிசையில் ஒரு குரல்.
'நாய்' நீக்கப்பட்டது.
நீக்கப்பட்டதையும் எழுதினேன்.

இரண்டாம் நாள் துப்பாக்கி.
சமாதானத்தின்போது இரும்புப் பெட்டகத்துக்கு
இரண்டு பூட்டு, இரண்டு சாவி;
ஒன்று நம்மிடம், ஒன்று வெளியாரிடம்.
இனி இரண்டும் நம் இடுப்பிலேயே தொங்குமென்றால்
அதற்கு எதற்கு இரண்டு பூட்டு
என்று கேட்டார் செலாவ் உறுப்பினர்.
பதில் எழுத்துமூலம் தரப்படும்.

இன்று, பிரிவு பதினான்கு:
'நியாயமான சந்தேகம் இருப்பின் அதிகாரி
ஆணை எதுவுமின்றி எவ்வீட்டிலும் நுழையலாம்.'
வாசித்தவர் அமைச்சர் மோரிஸ் தாவூகி.
போர்க்காலத்தில் மலைப்பாதைகள் அவர் கையில் இருந்தன.
இப்போது கையில் மூக்குக்கண்ணாடி;
படித்து முடித்த பிறகும்
சட்டை நுனியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஸ்கொலாஸ்திகா நாமிரே எழுந்தார்,
பெண்களுக்கு ஒதுக்கிய இருக்கையிலிருந்து.
'வீட்டு உரிமையாளன் என்று எழுதியிருக்கிறீர்கள்.
யார் அந்த ஆண்?
இங்கே நிலமும் வீடும் தாயுடையவை.'
சிரிப்பு.
அவர் சிரிக்கவில்லை.

'வெளிப்படை வந்தபோது காட்டுக்குள் ஓடினோம்.
பூட்ஸ் சத்தம் ஒரு மலைக்கு முன்பே கேட்டுவிடும்.
என் கதவைத் தட்டியவர்கள்
வெறுங்காலோடு வந்தார்கள்.
நம் மொழியில் கூப்பிட்டார்கள்,
என் கணவரைச் செல்லப்பெயர் சொல்லி.
அதனால்தான் அவர் திறந்தார்.

பன்றிக்குத்தானே வேலி போடுகிறோம்?
தின்றது உள்ளூர்ப் பன்றியா வெளியூர்ப் பன்றியா என்று
கிழங்குக்குத் தெரியாது.'

உறுப்பினர் யாரையாவது குறிப்பிடுகிறாரா
என்று அவைத்தலைவர் கேட்டார்.
'பிரிவு பதினான்கைக் குறிப்பிடுகிறேன்.'

அப்போது மழை பிடித்துக்கொண்டது.
ஆளாளுக்குப் பாக்கு மெல்ல வெளியே போனார்கள்,
அவைக்குள் மெல்லத் தடை.
அமைச்சர் மட்டும் நின்றபடியே இருந்தார்,
இருபது நிமிடம், மேசையில் ஒரு விரலை ஊன்றி.

மழை விட்டதும் ஒரு திருத்தம் சொன்னார்:
நுழையுமுன் அதிகாரி வாசலில் நின்று
தன் பெயரையும் தாயின் குலத்தையும்
உரக்கச் சொல்ல வேண்டும்.

பிரிஸ்பேனிலிருந்து வந்திருந்த சட்ட ஆலோசகர்
இப்படி எந்த நாட்டிலும் வாசகம் இல்லையே
என்று காதைக் கடித்தார்.
எப்படிச் சொல்வது, ஓர் உதாரணம் தாருங்கள் என்று
அவைத்தலைவர் கேட்டார்.

'நான் மோரிஸ் தாவூகி.
என் தாய் இருவாச்சிக் குலம்.'

ஸ்கொலாஸ்திகா மறுபடி எழுந்தார்.
'எந்த இருவாச்சி? கடற்கரையா, மலையா?'
'மலை.'
அவர் உட்கார்ந்துவிட்டார்.

அவரும் மலை இருவாச்சி என்பதை
வேட்புமனுக்களைத் தட்டச்சு செய்த நான் அறிவேன்.
முறை பார்த்தால் அண்ணன் ஆகிறார்.
அன்றிரவு கதவைத் திறந்தவர் மச்சான்.
தட்டியவர் யாரென்று
அவையில் யாரும் சொல்லவில்லை,
ஊகத்தை எழுத எனக்கு அதிகாரமும் இல்லை.

வாக்கெடுப்புக்கு இரண்டு பேர் குறைந்தது.
இருவரும் கொட்டகைக்கடியில்
சிவந்த வாயோடு நின்றிருந்தார்கள்.
ஒத்திவைப்பு.
நாளை காலை: சீருடையின் நிறம்.

படகுத்துறைக்குப் போகிற வழியில்
அமைச்சரை மறித்தேன், ஐயா,
குலப்பெயருக்கு எழுத்து சரிதானா?
என் நோட்டை வாங்கி,
கண்ணாடி போடாமலே, தானே எழுதினார்.
அழுத்தி எழுதுகிற கை.
அடுத்த மூன்று தாள்களிலும் பள்ளம் விழுந்திருக்கிறது.
நீலமா பச்சையா என்ற விவாதத்தை
அதன் மேல்தான் எழுத வேண்டும்.