துணைமாந்தர் பட்டியல்

நாற்பத்தோரு வயதில் பகுதிநேர ஆய்வாளர்.
ஞாயிறுதோறும் தாராபுரத்திலிருந்து கோயமுத்தூருக்கு.
பல்லடம் தாண்டினால்தான் உட்கார இடம்.
'ச. தேன்மதியின் இளையோர் புதினங்களில் பாத்திரப் படைப்பு'
என்று தலைப்பைச் சொன்னதும் நெறியாளர் சிரித்தார்:
"பசங்க கதைங்களா? கோட்பாடு எங்கிருந்துங்க வரும்?"

ஐந்து நாவலையும் அட்டவணைக்குள் போட்டேன்.
யார் எத்தனை முறை அழுகிறார்கள்:
பெண்கள் ஒன்பது, பையன்கள் பதினான்கு.
யார் வீட்டில் பொய் சொல்கிறார்கள்: எல்லோரும்.
யாருக்கும் பதினெட்டு ஆவதில்லை.

சிபிச்சந்திரன்,
கோழிப்பண்ணையில் ராவெல்லாம் விளக்கு எரிவதால்
நட்சத்திரம் அதிகம் பார்த்திராதவன்,
அமராவதி மணலில் மல்லாந்து எண்ணத் தொடங்கி
முப்பத்தொன்றில் தூங்கிவிடுகிறான்.

நாகஜோதி, முழுப்பரீட்சை லீவுக்குப் பிசிறு வெட்டப் போனவள்,
கப்பலேறும் சட்டையின் காலர் லேபிளுக்குப் பின்னால்
ஒரு கடிதத்தை மடித்துத் தைக்கிறாள்.
எந்த நாடு, யார் போடுவார்கள், தெரியாது.
"அக்காவுக்கு" என்று தொடங்குகிறாள்.
இதற்கு நான் இட்ட உட்தலைப்பு 'தொடர்புறுத்தல் வேட்கை'.
அன்றிரவு எனக்கே வெட்கமாக இருந்தது.

மற்ற ஆறு நாளும் நான் பள்ளி நூலகர்.
நாலு பீரோ, ஒரு சாவிக்கொத்து,
மணி அடித்தால் பூட்டு.

மூன்றாவது நாவல் 'ஏழாவது பிரிவேளை',
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
ஐந்தாவது வாசிப்பில்தான் அங்கே நின்றேன்.
சுகிர்தா மழையில் ஓடிவருகிறாள்,
புத்தகம் நனையாமல் துப்பட்டாவுக்குள்.
"மணி அடிச்சாச்சு சாமி, நாளைக்கு வா."
சாவிக்கொத்தில் பச்சைப் பிளாஸ்டிக் மீன் ஒன்று ஆடுகிறது.
அவ்வளவுதான், நாலு வரி. அந்தக் குரலுக்குப் பெயர்கூட இல்லை.
மறுநாள் கதையில் பள்ளிக்கூடம் வருவதில்லை.
ஸ்பின்னிங் மில் வேன்தான் வருகிறது.

மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன்.
வால் உடைந்திருந்தது.
பச்சை அப்படியே இருந்தது.

நேர்காணல் திருப்பூரில். ஆய்வேட்டில் அது பின்னிணைப்பு இரண்டு.
இருபத்தெட்டு வயசு அவளுக்கு, ஏற்றுமதிக் கம்பெனியில்
பொத்தான், ஜிப், லேபிள் வாங்கும் பிரிவு.
"ஏனுங்க மேடம், டீயா காப்பியா?"
என்னைப் பார்த்த கண்ணில் ஒன்றும் இல்லை.
பதினோரு கேள்வி ஒழுங்காகப் போயின.
பன்னிரண்டாவது தாளில் இல்லை.
"அந்த நூலகர்... யாருங்க?"
"எந்த நூலகர்?"
பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன்.
யாரோ எழுதியதைப் போல வாசித்தாள்.
"அட, இது இருக்குதா!
அத்தியாயம் நீண்டுக்கிட்டே போச்சுங்க,
கதவைச் சாத்த ஒரு ஆளு வேணுமில்லீங்க."

ஃபோன் அடித்தது.
நீலம் கேட்டால் வேறு நீலம் அனுப்பியிருக்கிறார்கள்,
நாற்பதாயிரம் பொத்தான்.
கத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.
"மீன்?" என்றேன்.
"மீனுங்களா... நெனப்பில்லீங்க.
நீங்க எந்தப் பள்ளிக்கூடம்னு சொன்னீங்க?"

உடுமலைப் பக்கம் என்றேன்.
முதல் அட்டவணையில் நானும் சேர்ந்துகொண்டேன்.

இயல் நான்கு, அட்டவணை ஏழு: துணைமாந்தர்.
பெயருள்ளோர் இருபத்தாறு,
பெயரற்றோர் பதினேழு,
ஆக மொத்தம் நாற்பத்திரண்டு.
நெறியாளர் சிவப்பு மையில் வட்டமிட்டு எழுதியிருக்கிறார்:
'கூட்டல் சரிபார்க்க.'

பல்லடத்தில் ஜன்னலோரமே கிடைத்துவிட்டது.
தாள் மடியில்.
பதினேழைப் பதினாறாக்கினாலும் சரியாகிவிடும்,
இரண்டை மூன்றாக்கினாலும் சரியாகிவிடும்.
பேனா மூடியைக் கழற்றி வாயில் வைத்திருக்கிறேன்.
கண்டக்டர் சில்லறை கேட்கிறார்.
சூலூர் வந்துவிட்டது.