நாலு பாகத்துக்குக் கீழே

இஞ்சினை அணைத்தாயிற்று.
சின்னப்பாலத்துக்குத் தெற்கே, நாலு பாகத் தண்ணீரில்
ஒலிவாங்கியை இறக்குகிறேன்
இரை கோக்காத தூண்டில் போல.

வேண்டியது ஆவுளியாவின் குரல்.
கிடைப்பதெல்லாம் இரைச்சல்.
மேலே உடைகிற நுரையின் ஒவ்வொரு குமிழியும்
ஒரே ஒரு முறை மணியடித்துவிட்டுச் சாகிறது.
கோடி மணிகள். ஒன்றுக்கும் கோயில் இல்லை.
கூடவே, எண்ணெயில் கடுகாய்ப் பொரியும் சொடுக்கிறால்.

பாசிச் சாக்கை வத்தைக்குள் தள்ளிவிட்டு
நம்புசெல்வி கேட்டாள்:
"என்ன சொல்லுது?"

ஒரே பக்கம் ஓடும் அலையின் அழுத்தம்
ஆழம் போகப்போகக் கரைந்துவிடும் என்றேன்.
எதிரெதிரே இரண்டு முட்டினால்
இரட்டைத் தாளத்தில் தரைவரை இறங்கும்,
குறையவே குறையாது.
"ஆண்கடலும் பெண்கடலும் மாதிரியா?"
"ஆமாம்."
"எங்க வீட்டுக்குள்ள வந்து இறக்கிப் பாருங்க."

காதுக்கருவியைக் கொடுத்தேன்.
வலது காதில் வைத்துச் சற்றுநேரம் பேசாமலிருந்தாள்.
பிறகு இடதுக்கு மாற்றினாள்:
பதினாறு வயதில், முங்கும்போது சவ்வு கிழிந்த காது.

"இதுக்கு எதுக்கு மிசினு?
இதுல எப்பவும் இதேதான் ஓடுது.
ரேசன் கடை வரிசையிலயும்."

இரவு, மண்டபத்து விடுதியில் வடிகட்டுகிறேன்.
கச்சான் காற்று போயிற்று.
இறால் போயிற்று, குமிழி போயிற்று.
பதினோராம் நிமிடத்தில்
அவள் கால்தட்டு வத்தையின் விளிம்பில் இடிக்கும் சத்தம்.
அதை மட்டும் விட்டுவைத்தேன்.

ஆவுளியா வரவில்லை.
படிவத்தில் ஒரு கட்டம்: இரைச்சலின் மூலம்.
காற்று என்று எழுதினேன், அலை என்று எழுதினேன்.
இன்னும் இடம் இருக்கிறது.