ஆய்வாளர் தட்டிய இடம்

மூன்று இடத்தில் தட்டினார் ஹியேத்தலா.
முதல் இரண்டும் தகரம் என்றன.
மூன்றாவதற்குத் தட்டத் தகரமே இல்லை.
திருப்புளி நேராக மேலே போய்
ரப்பர் விரிப்பில் முட்டி நின்றது.

'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.
போன வருஷமும் இதே பேனாதான்.

எழுபத்து நான்காம் வருஷத்து ஸாப்.
அதைவிடப் பதினான்கு வயது மூத்தவள் நான்,
உப்பு என்னைத் தின்னவில்லை, அவ்வளவுதான்.
கோட்கா நகரத்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை
சாலைக்கு இடும் உப்பில்
பாதி எங்கள் வண்டிக்குள் குடியேறுகிறது.

கணக்கு நோட்டில் யார்க்கோ
பால், மின்சாரம், யூசோவுக்குச் சறுக்குக் காலணி
என்று வரிசையாக எழுதிவிட்டு
கடைசியில் 'அது' என்று ஒரு வரி வைத்திருக்கிறான்.
பெயரை எழுத மாட்டான்,
மனைவியின் கள்ளக் காதலனைப்போல.
மார்ச்சில் அது
பாலை மிஞ்சி இருநூறு மார்க்.

கயிறு கட்டி, மெழுகு பூசி
கண்காட்சியில் நிறுத்தும் வண்டி இல்லை இது.
வேறு வண்டி எங்களிடம் இல்லை.
துறைமுகத்துக்கு வேலைக்குப் போவது இதில்.
உருளைக்கிழங்கு மூட்டை இதில்.
யூசோ பிறக்க ஆஸ்பத்திரிக்குப் போனதும் இதில்தான்.
ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் முளைத்த கியர்
யார்க்கோவுக்கு வசப்படாது.
அவன் கிளட்சை மட்டும் மிதிக்க
வலிக்கும் வலிக்கும் நடுவே
எட்டி எட்டி நான்தான் மாற்றினேன்:
மூன்றிலிருந்து இரண்டு,
இரண்டிலிருந்து, ஐயோ, மூன்று.

சனிக்கிழமை பின்சீட்டைக் கழற்றினேன்.
மைத்துனரின் கொட்டகையில்
படகுக்கு மிஞ்சிய பாதி எங்களுடையது.
விரிப்பைத் தூக்கினால்
தீப்பெட்டி அகலத்துக்கு ஓட்டை.
அதன் விளிம்பு வழவழவென்று இருந்தது.
துரு தானாக வழவழப்பாகாது.
விரிப்பின் அந்த மூலை மட்டும்
நூறு முறை மடித்துப் பிரித்த கடிதம்போல்
துவண்டு கிடந்தது.
பக்கத்தில் ஆப்பிள் விதைகள்,
ஒரு பொம்மை லாரியின் சக்கரம்.

கதவருகே நின்றான் யூசோ.
'உனக்குத் தெரியுமா இது?'
தெரியும்.
'எப்போதிலிருந்து?'
பனி உருகியதிலிருந்து.
'அதுல ரோடு ஓடும்மா.'

வெள்ளைக்கோடு குறுக்கே வந்தால் பாலம் வரப்போகிறதாம்.
கருங்கல் பாவியிருந்தால் பள்ளிக்கூடத் தெரு.
சரளை சடசடத்தால் வீடு.
ஜன்னல் அவனுக்கு எட்டாது,
எட்டிய மட்டும் வானம்தான்.
எங்கே போகிறோம் என்பதை
வண்டியின் அடிவயிற்று வழியாக
வாசித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

அவன் கைகளை வாங்கி
விரல்களை எண்ணினேன்.
பத்து.
மறுபடியும் எண்ணினேன்.

பிறகு அட்டையில் அளவெடுத்து
தகரம் வெட்டினேன்.
பொறி பறக்கும், பார்க்காதே, வெளியே போ என்றேன்.
போனான். அழவில்லை.
அழுதிருந்தால் வெல்டிங் எனக்கு
இன்னும் கொஞ்சம் நேராக வந்திருக்கும்.

இரண்டாம் முறை வந்தபோது
ஹியேத்தலா அதே இடத்தில் மூன்று முறை தட்டினார்.
டங், டங், டங்.
அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்
இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டேன்.
எஞ்சின் அடங்கி, வண்டி தானாக மிதந்தது.
பின்னாலிருந்து ஒரு குரல்:
'இப்ப எங்க இருக்கோம்?'
எனக்கு முன்னால் யார்க்கோ சொன்னான்,
'வெள்ளைக்கோடு வருது.'

அந்த மாதக் கணக்கில் 'அது'வுக்கு நேரே
தகரம், பிரைமர், தார் என்று என் எழுத்து.
அதற்குக் கீழே அவன் எழுத்தில்
'தடித்த மெத்தை ஒன்று, பின்சீட்டுக்கு.'

திங்கட்கிழமை அதன்மேல் உட்கார்ந்து
முதல் தடவையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.
கடல், கப்பல், பைன் மரக்கட்டை அடுக்குகள்,
நான் ஏழு வருஷமாக ஏறி இறங்கும்
மஞ்சள் கிரேன்.

'இதெல்லாம் எப்பவும் இங்கதான் இருந்துதா?' என்றான்.

இருந்தது என்றேன்.
இடப்பக்க இண்டிகேட்டர் எரியவில்லை.