தடைக்காலத்துக் கால்சட்டை

போட்டுகள் மூக்கையூரில் கட்டிக் கிடக்க
அறுபத்தொரு நாளைக்கு நான் கரையாள்.
கண்மாய்க்குள் சீமைக்கருவேலம்,
டன்னுக்கு இவ்வளவென்று கூலி.
மிஷின் ஒப்பந்தக்காரருடையது.
தொடை என்னுடையது.

போன வருசம் கித்தேரியான்
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் அறுத்தான்.
கணுவில் முட்டி
வாள் துள்ளித் திரும்பியது.
பெரியாஸ்பத்திரியில்
சதைக்குள்ளிருந்து பச்சைக் கட்டத்து நூலை
ஒவ்வொன்றாய் எடுத்தார்களாம்.

கீழக்கரைக்கு பஸ் ஏறினேன்.

"ஜீன்ஸ் போதாதா?" என்றேன்.
"அதுக்கு ஜீன்சும் ஒண்ணுதான், வாழையிலையும் ஒண்ணுதான்"
என்றார் சீனி நைனா.
கம்பெனி கொடுத்த மாதிரித் துண்டைக் கிழித்துக் காட்டினார்.
உள்ளே வெள்ளையாய், பஞ்சுபோல.
"இழு."
இழுத்தேன். வந்தது.
வந்துகொண்டே இருந்தது.
"பல்லு தொட்டதும் இது பூரா ஓடிவந்து
சக்கரத்தைச் சுத்திக்கும். சங்கிலி நின்னுடும்."

காத்தாடியில் வலை சுற்றி
எஞ்சின் செத்த ராத்திரிகள் எத்தனை!
கத்தியைப் பல்லில் கடித்தபடி
போட்டுக்கடியில் முங்கி
அறுத்து அறுத்து எடுத்து
எவன் வலையோ, அவன் வம்சத்தையே திட்டியிருக்கிறேன்.
அந்தச் சனியனைத்தான்
மடிப்பு மடிப்பாய் வைத்துத் தைத்திருக்கிறார்கள்
தொடைக்கு மேலே.

எட்டாயிரத்து நானூறு.
பூட்ஸுக்கு ஜெசிந்தாவின் சங்கப் பணம்.
முகவலையும் காதுமூடியும் வைத்த தலைக்கவசம்
ஒப்பந்தக்காரரிடம் மூன்று நாள் சண்டை.

"நீளமா இருந்தா மடிச்சு விடு, ஊசி போட்டுடாத.
நூல் ஓடாமப் போயிடும்.
ஒரு தடவை வெட்டு வாங்கிட்டா
தூக்கிப் போட்டுடு."
"காப்பாத்தினதையா?"
"காப்பாத்தினதைத்தான்."

சித்திரை வெயிலில்
வாலிநோக்கத்து உப்பளம் என் இரண்டு கால்களிலும்.
காதை மூடினால் என் மூச்சு மட்டும் கேட்கும்,
போட்டுக்கடியில் முங்கினாற்போல.
இளவட்டங்கள் சிரித்தார்கள்,
விண்வெளிக்கா போறீக என்று.
சிரித்தவனில் ஒருவன் மறுநாள்
விலை கேட்டான். சொன்னேன்.
அதற்கும் சிரித்தான்.

ஆனி முதல் தேதி கடல் திறந்தது.
வலைக்குப் பக்கத்தில் கொடியில்
ஆரஞ்சுக் கால்சட்டை.
ஜெசிந்தா முன்னும் பின்னும் திருப்பி
விரலால் தடவிப் பார்த்தாள்.
"எட்டாயிரத்து நானூறு ரூபா.
ஒரு கீறலைக் காணோம்."

குறைபட்டாளா, கும்பிட்டாளா தெரியாது.
ஐஸ் ஏற்றக் கூப்பிட்டார்கள்,
போய்விட்டேன்.