கழிவு

நள்ளிரவில் யாரையும் கேட்காமல்
தன்னைத்தானே புதுப்பிக்கத் தொடங்கியிருக்கிறது.
முப்பத்தைந்து சதவீதம் என்றது.
அணைக்காதே என்றது.
அணைத்தது நானில்லை,
காவேரிப்பட்டணத்துக் கரண்டு.

நாலு பத்துக்கு
சந்தூரிலிருந்து முதல் லாரி, பெங்களூரா பழம்.
மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டுச்
சன்னலில் கை நீட்டுகிறார் திம்மராயன், சீட்டுக்கு.
திரையில் நீலம்.
தானே சரிசெய்துகொள்ளத் தயாராகிறதாம்.
புள்ளிகள் வட்டமாய் ஓடி
ஓடி
மறுபடி கறுப்பு, மறுபடி கம்பெனிப் பெயர், மறுபடி நீலம்.
செக்குமாடுகூட
நடுவில் ஒருதரம் நின்று மூத்திரம் பெய்யும்.

எடை காட்டும் சிவப்பு எண்கள் மட்டும்
தனிப்பெட்டியில் எரிகின்றன.
12,420.
எல்லோருக்கும் தெரிகிறது.
ஆனால் கையால் எழுதிய சீட்டு
ஆலை வாசலைத் தாண்டாது,
போன சீசனில் எவனோ
ஒன்றை ஏழாக்கிய நாளிலிருந்து.

ஆறு மணிக்கு வரிசை பெட்ரோல் பங்க் வரை.
முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி,
மேடையிலிருந்து இறங்க வழியில்லை திம்மராயனுக்கு.
குப்பத்திலிருந்து வந்த டிரைவர்
"ஒக்கசாரி ஆஃப் சேசி ஆன் சேய்" என்கிறார்.
பதினோரு முறை செய்தாயிற்று அண்ணா.
இன்னொருவர் தலையில் ஒரு தட்டு தட்டச் சொன்னார்.
தட்டினேன். மறைக்க என்ன இருக்கிறது.

கிளீனர் மாதப்பனுக்கு வயது பதினெட்டு இருக்கும்.
"மூடியைக் கழட்டுக்கா" என்றான்.
உள்ளே இரண்டு வருடப் புழுதி,
ஒரு பல்லி முட்டையோடு.
ரேமை உருவி
என் அழிரப்பரால் அதன் பொன்பற்களைத் தேய்த்தான்.
எட்டணா அளவு பேட்டரியைப் பிடுங்கி
சட்டையில் துடைத்துத் திரும்பப் போட்டான்.
நீலம்.

ஓசூரில் இம்தியாஸ் போனை எடுக்கையில்
மணி ஏழே முக்கால்.
பல் தேய்த்துக்கொண்டே பேசினான்.
"பின்னாடி சொருகினதெல்லாம் புடுங்கு.
ஒவ்வொண்ணா. புடுங்கிப் புடுங்கி ஆன் பண்ணு."

பிரிண்டர். நீலம்.
மவுஸ். நீலம்.
இதற்குள் நான் பார்த்துவிட்டேன்,
அந்தச் சிவப்பு எண்ணை.
12,380.

திம்மராயன் இறங்கினால் அறுபத்தைந்து குறையும்,
ஏறினால் கூடும், அது பழகிய கணக்கு.
இது அதுவல்ல. அவர் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்.
லாரியின் பின்கதவு இடுக்கில்
மஞ்சளாய் ஒரு நூல்
மேடை விளிம்பு வரை ஓடிக் குழிக்குள் இறங்குகிறது.
அடிவரிசைப் பழங்கள்
மேல்வரிசைப் பழங்களைத் தாங்கித் தாங்கி
விட்டுவிட்டன.
பத்துப் பத்தாய்க் குறைகிறது எண்.
இத்தனை துல்லியமாக
ஒரு மனிதருக்கு நட்டமாவதை
நான் பார்த்ததில்லை.

கடைசியாய் மிஞ்சியது சாம்பல் நிறக் கம்பி,
மேடையிலிருந்து எடை வரும் கம்பி.
பிடுங்கினேன்.
எழுந்துகொண்டது கம்ப்யூட்டர்,
ஒன்றுமே நடக்காததுபோல
மலைகளும் ஏரியுமாய் ஒரு படத்தைக் காட்டியபடி.
பன்னிரண்டு டன் பாரத்தோடு
அதனால் எழ முடியவில்லை போலிருக்கிறது.
மாதப்பன் விசிலடித்தான்.
வரிசை முழுக்க ஹாரன்.

கம்பியைத் திரும்பச் சொருகினேன்.
நல்லவேளை, விழவில்லை.
சீட்டு வந்தது:
மொத்த எடை 12,350.
தேதி 01-01-2009.
பேட்டரியைப் பிடுங்கியதில்
எல்லாம் மறந்து தொடக்கத்துக்கே போய்விட்டது.
அன்று நான் ஐந்தாம் வகுப்பு.
இந்த மேடை இருந்த இடத்தில்
புளியமரம்.

தேதியைத் திருத்தி இன்னொன்று அடித்தேன்.
திம்மராயன் சட்டைப்பையிலிருந்து
சந்தூர் எடைச்சீட்டை எடுத்தார்,
பார்த்தார், என்னிடம் காட்டவில்லை,
மடித்து வைத்துக்கொண்டார்.

கழிவு என்றொரு கட்டம் உண்டு.
நூற்றுக்கு ஐந்து,
எல்லா வண்டிக்கும் நானே போடுவது.
அழுகல், காம்பு, ஈரம்
என்று மேனேஜர் காரணம் சொல்வார்.
கர்சர் அதில் நின்று
மினுக்கியது, மினுக்கியது.
சுழியம் போட்டு எண்டரைத் தட்டினேன்.

மதியம் கேட்பார்கள்.
அப்டேட் சார், என்பேன்.