மண் தின்ற ஜட்டி

டெட்சா சந்தையில்
பழந்துணி மூட்டை அவிழ்க்கிற திங்கட்கிழமை
வெள்ளையாகப் பார்த்துப் பதினொரு ஜட்டி பொறுக்கினேன்.
"வீட்டில் ஆண்கள் எத்தனை பேர்?" என்றான் கடைக்காரன்.
"மண்ணுக்கு" என்றேன்.
அதற்குமேல் அவன் விலை பேசவில்லை.

முழுப் பருத்தி. ஒரு சாண் ஆழம். ஆறு வாரம்.
மண்ணுக்கு உயிர் இருந்தால் தின்னும்.
இல்லையென்றால் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம்.
இதைவிடச் சுருக்கமாகப் பாடம் சொல்ல எனக்கு வராது.
வேளாண் அலுவலர் தியோங்கே என்று
கழுத்தில் அட்டை தொங்குகிறது,
ஆய்வுக்கூடம் என்னவோ லிலோங்வேயில்.
போன வருஷம் அனுப்பிய மண் பொட்டலங்கள்
இன்னும் அங்கே வரிசையில் நிற்கின்றன.

பிலியாட்டியின் மக்காச்சோளத்தில் ஒன்று.
ஃபைனெஸ் தன் பங்கை
மாமியார் பார்க்காத மூலையில் புதைத்தாள்.
என் மாதிரி வயலில் ஒன்று,
பெயர்ப் பலகைக்கு நேர் கீழே.
கடைசியில் ஒன்று மிஞ்சியது.
நான் கூட்டத்துக்கு அழைக்காத லெசினா
வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டாள்:
"குத்தகை நிலத்துக்கும் ஜட்டி உண்டா?"

மார்ச்சில், மழை விட்ட ஒரு காலை
ஊர் கூடித் தோண்டினோம்.
பிலியாட்டியுடையது பாதி.
ஃபைனெஸுடையதை நாய் கிளறிக் கொண்டுபோயிருந்தது.
என் வயலில் மண்வெட்டி
ணங்கென்றது.
செம்மண் கறையைத் தள்ளிவிட்டால்
வாங்கினபடியே வந்தது,
ஒரு தையல் விடாமல்.
மூன்று வருஷம் கரண்டியால் அளந்து அளந்து
உரம் வைத்த மண்.
"மேடம், கணவருக்கு அளவு சரியா பாருங்கள்"
என்றது ஒரு குரல்.
நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

லெசினாவின் துண்டு நிலத்தில்
எலாஸ்டிக் மட்டும் வந்தது,
நடுவில் ஒன்றுமில்லாத ஒரு வளையம்.
மண்புழு ஒன்று
அதற்குள்ளிருந்து வெளியே வழி தேடிக்கொண்டிருந்தது.

"என்ன செய்தாய்?"
"ஒன்றும் செய்யவில்லையே.
தட்டையைக் கொளுத்த நேரமில்லை, கிடந்தது.
ஊடே துவரை போட்டேன்,
உதிர்ந்த இலையைக் கூட்ட ஆளில்லை.
செங்கல் சூளைக்குப் போய் வருகிறவளுக்கு
ஆழக் கொத்த எங்கே தெம்பு?"
என் கையேட்டில் இவை
மூன்று தனித்தனி அத்தியாயங்கள்,
படங்களோடு.

எலாஸ்டிக் சேதி
நிலக்காரர் சிங்கொண்டோவின் காதுக்கும் போனது.
ஒரு நாள் வந்தார்.
ஒரு பிடி அள்ளினார், முகர்ந்தார்,
விரலிடுக்கில் உதிர்த்தார், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.
"அடுத்த மழைக்கு நானே விதைத்துக்கொள்கிறேன்."
தாளில் ஒரு பருவம் என்றுதான் இருந்தது.
நான்கு வருஷமாய் மாற்றி மாற்றி எழுதிய தாள்.
அவர்மேல் தப்பில்லை.
மண்ணின் ருசியை ஊருக்கெல்லாம் தோண்டிக் காட்டியது
நான்.

அக்டோபர். விடியவில்லை.
லெசினா பாதையில் வந்தாள்,
தலையில் அலுமினியப் பேசின்,
மேலே சிட்டென்ஜே துணி போர்த்தி,
பிணத்தைக் கொண்டுபோகிற ஜாக்கிரதையில்.
ஓடைக்கு அப்பால் அவளுக்குக் கிடைத்த புதுத் துண்டு
வெளுத்த மணல்.
"மண்ணை எடுக்கக் கூடாதென்று தாளில் இல்லை"
என்றாள், நான் கேட்காமலே.

ஒரு வயலுக்கு ஒரு பேசின் எம்மாத்திரம்?
கணக்கு எனக்குத் தெரியும்,
சொல்லவும் வாயெடுத்தேன்.
"உறைக்குத்தான்" என்றாள்,
"பாலுக்கு ஊற்றுவோமே, அந்த மாதிரி."

சைக்கிள் கேரியரில் இருந்த பதிவேடுகளை
மாமரத்தடியில் இறக்கி வைத்தேன்.
அடுத்த நடைக்கு ஒரு சாக்கு.
நான் தள்ள, அவள் பின்னால் பிடித்துக்கொள்ள,
ஓடை இறக்கத்தில்
செயின் கழன்றது.